இடது பக்கத்து ரேடியோ

வெள்ளவத்தையில் கனகசபாபதி என்று விசாரித்தால் மூன்று பேரைக் காட்டுவார்கள். 'இரண்டு காதுக் கனகர்' என்று விசாரித்தால் ஒரே ஒருவரைத்தான் காட்டுவார்கள், அதுவும் நீங்கள் விசாரித்த ஆள் பொழுதுபோக்காக ரேடியோவில் உலகத்தோடு கதைக்கும் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரராக இருந்தால். மற்றவர்கள், இரண்டு காது எல்லாருக்கும்தானே இருக்கிறது என்று உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

பட்டம் சும்மா வந்ததல்ல. வருடத்தில் இரண்டு மூன்று தடவை உலகத்திலுள்ள அமெச்சூர் ரேடியோக்காரர்கள் எல்லாரும் ஒரு சனி ஞாயிறு முழுவதும் போட்டி நடத்துவார்கள். எத்தனை நாட்டில், எத்தனை பேரோடு கதைத்தீர்கள் என்பதுதான் கணக்கு. சாதாரண மனிதர்கள் ஒரு ரேடியோவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார்கள். கனகரிடம் இரண்டு. ஹெட்போனின் இடது பக்கத்தில் ஒன்று, வலது பக்கத்தில் மற்றது. இடது காதில் ஓர் இத்தாலிக்காரர் தன் அழைப்புக் குறியை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வலது காதில் இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் ஜப்பான்காரரைக் கனகர் தேடிப் பிடித்துவிடுவார். இவருக்கு நன்றி சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கு வணக்கம். கடல் பக்க லேன் ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு இரண்டு கண்டங்களை ஒரே நேரத்தில் காதில் மாட்டிக்கொள்ளும் அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன் இடது பக்கத்து ரேடியோ மெதுவாகக் கேட்கத் தொடங்கியது.

முதலில் அதன் ஒலிக் குமிழைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். பிறகு வயரை மாற்றினார். வயரை மாற்றியும் சரிவராததால் பிளக்கை மாற்றினார். பழைய ரேடியோ, உள்ளே தூசு பிடித்திருக்கும் என்று கழற்றித் துடைத்தார். ஹெட்போனில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, லண்டனில் இருக்கும் மகள் சாம்பவியிடம் சொல்லிப் புதிது எடுப்பித்தார். அதிலும் இடது பக்கம் மெதுவாகத்தான் இருந்தது. வெளிநாட்டுச் சாமான்கூட இப்போது தரமில்லை என்று ஒரு வாரம் புறுபுறுத்தார். முப்பது வருடம் மின்சாரப் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், மாற்றக்கூடியதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். மாற்ற முடியாத ஒன்றைப் பற்றி மட்டும் நினைக்கவேயில்லை.

"நான் கேட்டது விளங்கேல்லையோ?" என்று மனைவி பாலேஸ்வரி சாப்பாட்டு மேசையில் மூன்றாம் தரம் கேட்பார்.

"யோசிச்சுக்கொண்டு இருந்தனானப்பா," என்பார் கனகர். ஓய்வு பெற்ற பிறகு அவர் யோசிப்பது கூடிவிட்டது என்று பாலேஸ்வரியும் நம்பினார்.

கடைசியில் புவாத்திடம் போனார்.

புவாத்தும் கனகரும் இருபத்திரண்டு வருடச் சிநேகிதர்கள். அறிமுகமானது ரேடியோவில், காற்றிலே; முகம் பார்த்தது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். புவாத்தின் பட்டறை கொட்டாஞ்சேனையில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடி. கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களின் ரேடியோக்கள் அங்கேதான் உயிர் பிழைக்க வரும். 'புவாத் நானா பற்றவைத்தால் கப்பல் மூழ்கினாலும் ரேடியோ வேலை செய்யும்' என்று ஏஜன்ட்மார் சொல்வார்கள். அவருக்கு அந்தப் பெயர்தான் சொத்து.

இரண்டு ரேடியோவையும் ஒரு ஹெட்போனில் சேர்க்கிற பெட்டி ஒன்று செய்து தருவதாகப் புவாத் சொன்னார். நடுவில் ஒரு சுவிச். மேலே தள்ளினால் இரண்டு காதிலும் முதலாவது ரேடியோ. கீழே தள்ளினால் இரண்டு காதிலும் இரண்டாவது. நடுவில் விட்டால் காதுக்கு ஒன்று. செய்வதற்கு முன் கனகரைப் பட்டறையில் ஒரு ஸ்டூலில் இருத்தி ஹெட்போனை மாட்டிவிட்டார்.

"பொட்டி செய்ய முந்தி ஒரு சோதன செய்யோணும். கண்ண மூடிக்கங்க. சத்தம் கேட்டா வெரல ஒசத்துங்க. கேக்காட்டி ஒசத்த வாணாம்."

"பெட்டிக்கும் என்ர கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

"கண்ணத் தொறந்தா நீங்க மீற்றரப் பாப்பீங்க. பொறகு ஒங்கட காதும் மீற்றர் செல்றதத்தான் செல்லும்."

அது உண்மைதான் என்று கனகர் கண்ணை மூடினார். மெல்லிய 'பீ' என்ற ஓசை வந்தது, போனது, இன்னும் மெல்லியதாக வந்தது. வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம். அரைமணி நேரம் கனகர் விரலை உயர்த்திக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருந்தார். புவாத் ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டேயிருந்தார். முடிந்ததும் புவாத்தின் மனைவி பைறோஸா இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்தார். இவ்வளவு பொறுமையாகப் பெட்டி செய்கிற மனிதனைத் தான் கண்டதேயில்லை என்று கனகர் அவரிடம் மெச்சினார். பைறோஸா புருஷனைப் பார்த்தார். புவாத் பிளேன்ரீயைப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. கனகர் மாட்டிக் கேட்டார். இரண்டு ரேடியோவின் குமிழும் ஒரே கோட்டில் நிற்க, இரண்டு காதும் தராசுத் தட்டுப் போலச் சமமாக நின்றன. கனகர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். போன பங்குனிப் போட்டியில் கழகத்தில் அவர்தான் முதலாவது.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹம்சிகா அந்தச் சனிக்கிழமை காலை வந்து ஹெட்போனை மாட்டும்வரை.

ஹம்சிகாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு கம்பனியில் மென்பொருள் வேலை. கொழும்பில் தமிழ் பேசும் ரேடியோக்காரர்கள் பதினேழு பேர் சேர்ந்து நடத்தும் சிறு கழகத்தில் கனகருக்கு அடுத்த கெட்டிக்காரி அவர்தான். கார்த்திகை மாதப் போட்டியில் கனகரும் ஹம்சிகாவும் மாறி மாறி இருந்து கழகத்துக்காக விளையாடுவது என்று முடிவாகியிருந்தது. இடம் கனகர் வீடு. அது மட்டுமல்ல, கனகரின் பெட்டியைப் பார்த்து ஆசைப்பட்ட கழகச் செயலாளர் சந்திரகுமார், இதே மாதிரி ஆறு பெட்டி புவாத்திடமே செய்விப்பது என்றும் சொல்லியிருந்தார். ஒத்திகை பார்க்கத்தான் ஹம்சிகா வந்திருந்தார்.

மாட்டினார். அடுத்த நொடி, "ஆ!" என்று ஹெட்போனை இழுத்து மேசையில் போட்டார்.

"என்ன பிள்ளை?"

"அங்கிள், இடது பக்கம் காது கிழியுது! நீங்கள் இதை எப்பிடி வச்சுக் கேக்கிறீங்கள்?"

கனகர் வாங்கித் தன் காதில் மாட்டினார். "சமமாத்தானே இருக்கு."

"சமமோ? அங்கிள், பகிடி விடாதேங்கோ."

"பிள்ளை, நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதையும். காதுப் பிரச்சினையை நாள்கடத்தக் கூடாது. களுபோவில ஆஸ்பத்திரியில ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டும்."

ஹம்சிகா தன் பையிலிருந்து மல்ட்டிமீற்றரை எடுத்தார். இரண்டு ரேடியோவிலும் ஒரே சத்தத்தை வைத்து, பெட்டியின் வாயில் அளந்து காட்டினார். இடது பக்கம் வலதைவிட நான்கு மடங்கு.

கனகரின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியென்றால் எனக்கு ஏன் சமமாகக் கேட்டது என்ற கேள்வி வாசல்வரை வந்து நின்றது. அவர் அதற்குக் கதவு திறக்கவில்லை. ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால் மூக்கு உடைபட்டதுதான் அந்த நேரம் பெரிதாக இருந்தது. முப்பது வருடப் பொறியியலாளர், பிழையான பெட்டியை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்திருக்கிறார்! எல்லாம் புவாத்தால் வந்த வினை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கழகத்துக்காரர்கள் எல்லாரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். சந்திரகுமார் ஒவ்வொருவராகக் கூப்பிட, முறைப்படி கதைக்க வேண்டும். கனகரின் முறை வந்தது.

"பெட்டி விசயமா ஒரு அறிவித்தல். புவாத் செய்து தந்த பெட்டியை மீற்றர் வச்சு அளந்தது. இடது பக்கம் நாலு மடங்கு கூட. இது சின்னப் பிழை இல்லை. நல்ல காது பழுதாப் போகும். ஆறு பெட்டிக்கு ஓடர் குடுக்க முதல் கழகம் யோசிக்கவேணும்."

யாரோ ஒருவர் இடையில் புகுந்து, "கப்பலுக்கும் இப்பிடித்தானோ செய்யிறவர்?" என்று சிரித்தார். இன்னும் இரண்டு பேர் சிரித்தது கேட்டது.

புவாத்தின் குரல் வந்தது. "கேட்டிச்சி, கனகர். பெழ நடந்தீக்கும். பொட்டியக் கொண்டு வாங்க, பாத்துத் தாரன்."

அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. சந்திரகுமார் தொண்டையைச் செருமிவிட்டு, இரத்மலானையில் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், ஆறு பெட்டியையும் அவரிடம் கொடுப்பதுபற்றி அடுத்த ஞாயிறு முடிவெடுப்போம் என்றார். புவாத் அதற்கும் சரி என்றார்.

கனகர் வெற்றி வீரர்போல எழுந்துபோய் இடியப்பம் சாப்பிட்டார். மத்தியானமாகியும் சூடு ஆறவில்லை. புவாத்திடம் கொண்டுபோவானேன், இதை நானே சரிசெய்கிறேன் என்று பெட்டியைத் திறந்தார். உள்ளே வேலை அச்சில் வார்த்தது போல இருந்தது. வலது பக்க வயரின் நடுவே மட்டும் ஒரு ரெசிஸ்டர் குந்தியிருந்தது. அரிசி மணி அளவுதான். வலது பக்கத்துச் சத்தத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. இதுவா உன் கைவரிசை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வயரை நேரே இணைத்தார். அளந்தார். இரண்டு பக்கமும் ஒன்று. ஹெட்போனை மாட்டினார்.

வலது காதில் சத்தம் இடித்தது. இடது காதில், பக்கத்து வீட்டு வானொலி மாதிரி எங்கேயோ ஏதோ கேட்டது.

குமிழைப் பார்த்தார், சரி. வயரைப் பார்த்தார், சரி. மீற்றரை மறுபடி வைத்தார். இரண்டும் சமம் என்று அது சத்தியம் செய்தது. பிறகு, எந்தப் பயிலுநரும் முதல் நாளே செய்திருக்கக்கூடியதை, கனகர் இரண்டு வருடம் கழித்துச் செய்தார். ஹெட்போனைக் கழற்றி, இடம் வலம் மாற்றி மாட்டினார்.

இடது பக்கத்து ரேடியோ இப்போது வலது காதில் கணீரென்று கேட்டது. வலது பக்கத்து ரேடியோ இடது காதில் செத்துக் கிடந்தது.

கனகர் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். ரேடியோ இல்லை. வயர் இல்லை. லண்டன் ஹெட்போன் இல்லை. பெட்டியும் இல்லை. தெருவில் ஒரு முச்சக்கர வண்டி கோர்ன் அடித்துக்கொண்டு போனது, அதுகூட வலது பக்கமாகத்தான் போனது.

அப்போதுதான் கொட்டாஞ்சேனை ஸ்டூல் ஞாபகம் வந்தது. கண்ணை மூடுங்க, சத்தம் கேட்டா விரலை உயர்த்துங்க. அப்போது செய்யாத பெட்டியை எப்படிச் சோதிப்பது? அரைமணி நேரம் புவாத் சோதித்தது பெட்டியை அல்ல. கொப்பியில் எழுதியதும் பெட்டியைப் பற்றியல்ல.

"பாலேஸ்!" என்று கூப்பிட்டார். மனைவி வந்து கதவருகில் நின்றார். "நீர் சாப்பாட்டு மேசையில இப்ப எந்தப் பக்கம் இருக்கிறனீர்?"

"உங்கட வலது பக்கம்."

"முந்தி இடது பக்கமெல்லே?"

பாலேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "புவாத் அண்ணை ஒருநாள் போன் எடுத்துக் கேட்டவர், எந்தப் பக்கம் இருக்கிறீங்கள் எண்டு. சொன்னன். மாறி இருந்து பாருங்கோ எண்டார். மாறினனான். அதுக்குப் பிறகு நீங்கள் யோசிக்கிறது குறைஞ்சிட்டுது."

"எனக்கேன் சொல்லேல்ல?"

"சொன்னா நீங்கள் ரேடியோவை விட்டிடுவியள் எண்டு அவர் பயந்தவர். நானும் பயந்தனான்."

கனகருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. காது போனதுகூட இரண்டாம் பட்சம். அன்று காலை புவாத் ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும்: 'பெட்டி சரி, காதுதான் பிழை.' அவர் பெயர் தப்பியிருக்கும். கனகரின் பட்டம் அந்த இடத்திலேயே உடைந்திருக்கும், கார்த்திகைப் போட்டியில் அவர் கதிரையும் போயிருக்கும். அதை விரும்பாமல் அந்த மனிதன் பதினைந்து பேருக்கு முன்னால் தன் கையே பிழை என்று ஒப்புக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான்.

கிழமை முழுவதும் கனகர் புவாத்துக்கு மூன்று தடவை போன் எடுத்தார். முதல் தடவை மழையைப் பற்றிக் கதைத்தார். இரண்டாம் தடவை துறைமுகத்தில் கப்பல் எப்படி என்று கேட்டார். மூன்றாம் தடவை பைறோஸா எடுத்ததும் பிழையான நம்பர் என்று வைத்துவிட்டார், இருபத்திரண்டு வருடமாகத் தெரிந்த வீட்டில். வியாழக்கிழமை யாருக்கும் சொல்லாமல் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்றார். கண்ணாடி அறைக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னார்கள். கனகர் அதற்குள் இருந்து தனியே சிரித்தார். சோதித்த நங்கி, "அங்கிள், ஹினாவென்ன எப்பா" என்று, சிரிக்க வேண்டாமெனச் சிங்களத்தில் மெல்ல அதட்டினாள். இடது காதின் நரம்பு தேய்ந்துபோயிருக்கிறது, திரும்பி வராது, கருவி வைக்கலாம் என்றார்கள்.

புவாத்திடம் தனியாகச் சொல்லிவிடுவது சுகம். ஆனால் பழியைப் போட்டது காற்றிலே, எல்லாரும் கேட்க. எடுப்பதும் அங்கேதான் என்று கனகருக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு ஒன்பது மணி. சந்திரகுமார் பெயர்களைக் கூப்பிட்டு முடித்து, பெட்டி விசயத்தை எடுத்தார். கனகர் முறைக்குக் காத்திராமல் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார்.

"ஒரு நிமிசம். போன கிழமை நான் சொன்னது பிழை. பெட்டியில ஒரு பிழையும் இல்லை. பிழை என்ர இடது காதில. அது போயிட்டுது. இரண்டு வருசமாப் போய்க்கொண்டு இருந்திருக்கு, எனக்குத் தெரியேல்ல. புவாத்துக்குத் தெரிஞ்சிருக்கு. என்ர காதை எனக்கே தெரியாமல் அளந்து, அதுக்கேத்த மாதிரிப் பெட்டி செய்து தந்தவர். பிறகு நான் அவரைக் கேவலப்படுத்தேக்க, என்னை விட்டுக்குடுக்காமல் பேசாமல் இருந்தவர். இந்தக் கழகத்தில அவரைப்போல வேலைகாரன் ஆருமில்லை. ஆறு பெட்டியும் அவர்தான் செய்யவேணும். கார்த்திகைக்கு என்ர இடத்துக்கு வேற ஆளைப் போடுங்கோ. இனி என்னை இரண்டு காதுக் கனகர் எண்டு கூப்பிட வேண்டாம். புவாத், என்னை மன்னிச்சுக்கொள்ளும். முடிஞ்சுது."

விரலை எடுத்தார். பாலேஸ்வரி வந்து பக்கத்தில் நின்றார், வலது பக்கத்தில்.

முதலில் வந்தது ஹம்சிகாவின் குரல்.

"அங்கிள், இடத்தை விட்டுத்தர வேண்டாம். பெட்டியில இன்னொரு சுவிச் போட்டாச் சரி. மேல தள்ளினா உங்களுக்கு, கீழ தள்ளினா எனக்கு. புவாத் அங்கிள், செய்யலாம்தானே?"

"செய்யேலும், மகள்," என்றது புவாத்தின் குரல். பிறகு கொஞ்சம் இரைச்சல். "கனகர், ஒண்டு கேக்கோணும். பொட்டியத் தொறந்தீங்களா?"

"ஓம்."

"வலது பக்கத்து ரெசிஸ்டரக் கழட்டினீங்களா?"

"கழட்டினனான்."

"எங்க அது?"

கனகர் மனைவியைப் பார்த்தார். பாலேஸ்வரி விளக்குமாற்றால் கூட்டுவதுபோலக் கையை அசைத்துக் காட்டினார். "குப்பையோட போட்டுது," என்றார் கனகர் மெல்ல.

"பரவால்ல. என்கிட்ட இன்னொண்டு ஈக்கி. ஒரே அளவு. அண்டைக்கே ரெண்டு வாங்கி வெச்சன். நீங்க ஒரு நாளைக்கித் தொறப்பீங்க, கழட்டுவீங்க எண்டு எனக்குத் தெரியும்."

கனகர் ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினார். சொல்ல எத்தனையோ இருந்தது. ஐந்து விநாடி, ஆறு விநாடி, பதினாறு வீடுகளிலும் வெறும் மௌனம்தான் ஒலிபரப்பாகியது. விரலை எடுத்தார்.

"ரோஜர்," என்றார் புவாத். "நல்லாக் கேட்டிச்சி."